பேச்சியம்மாளின் குடை

“பதிவு இல்லாத இடத்துல அந்தம்மாவை என்ன சொல்ல வைக்கிறது, மெர்சி?”

“தெரியாதுன்னு சொல்ல வை.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு மெஷின்? அதுக்கு உங்க ஹெட்மாஸ்டரே போதுமே.”

“சிரிக்காத. வெங்காயத்தைப் பாத்து நறுக்கு, விரல் போயிரப் போகுது.”

“பசங்க ஆசையா ஒரு கேள்வி கேப்பாங்க. இந்தம்மா ‘அது எங்கேயும் பதிவாகலை’ன்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்குப் பிடிக்கும்?”

“பிடிக்காமப் போகட்டும். வரலாறுல முக்காவாசி அதுதான். இல்லாதப்பட்டவங்க வரலாறுல முழுக்கவே அதுதான். அந்த ஓட்டையைப் பசங்க கண்ணால பாக்கணும் கஸ்பார். பாத்தாதானே, ‘இதை ஏன் ஒருத்தரும் எழுதி வைக்கலை’ன்னு கேப்பாங்க?”

இந்தப் பேச்சு நடந்து நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மெர்சலினுக்கு அது சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. அடுப்பில் சீலா மீன் பொரிந்த வாசனைகூட நினைவிருந்தது. கல்யாணமான இரண்டு பேர் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி தண்ணீர் வந்ததா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்பதிலேயே கரைந்து போகும். அதற்கு நடுவில் இப்படி ஒரு பேச்சு வாய்த்தால், அதை எடுத்து எடுத்துப் பார்க்கத் தோன்றும் அல்லவா? அன்றைக்குக் கஸ்பார் அவளோடு ஒரு மணி நேரம் வாதாடினான். கடைசியில் அவள் சொன்னபடியே செய்தான். அவனிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான். முதலில் சண்டை போடுவான். பிறகு நிஜமாகவே கேட்டுக்கொள்வான்.

அப்படிப் பிறந்தவள்தான் பேச்சியம்மாள்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளியின் ஏழாம் வகுப்பில், பின்சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குத் திரை ஒன்று உண்டு. சமூக அறிவியல் வகுப்பு தொடங்கியதும் அதில் ஒரு பெண் வந்து உட்காருவாள். உப்பில் காய்த்துப்போன கால்கள், வெயிலில் வெந்த முகம், தோளை இறுக்கிக் கட்டிய கண்டாங்கி. நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் இந்த ஊர் உப்பளத்தில் வேலை பார்த்தவள். கூலியைக் குறைத்தது பற்றி நடந்த ஒரு விசாரணையில் அவள் கொடுத்த அரைப்பக்க வாக்குமூலம் கிடைத்திருக்கிறது. பெயர், கூலி, ஒரு சிறு தகராறு, ‘என் புருஷன் தோணி ஏறிக் கொழும்புக்குப் போனவர் திரும்பி வரவில்லை’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த அரைப்பக்கத்தையும், அந்தக் காலத்து உப்பளங்களைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் வைத்துக் கஸ்பாரும் அவன் கூட்டமும் அவளை உருவாக்கினார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அவள் பதில் சொல்வாள். தெரியாததற்கு, “அது எங்கேயும் பதிவாகலை, மக்கா” என்பாள்.

“பேச்சியம்மா இல்ல டீச்சர் இவங்க, பேசாதம்மா” என்றான் ஹமீது முதல் வாரத்திலேயே. வகுப்பே சிரித்தது. மெர்சலினும் சிரித்தாள். அவளுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. பேசாத இடத்தை அவன் கவனித்துவிட்டான் அல்லவா?

மெர்சலின் பாடம் நடத்தும் விதமே தனி. ஒவ்வொரு ஜூனிலும் முதல் வேலையாக, சொந்தத்தில் நடந்த ஏதாவது ஒரு கல்யாணச் சண்டையைப் பற்றி வீட்டில் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு வரச் சொல்வாள். அடுத்த நாள் வகுப்பு களை கட்டும். அத்தை சொன்னது ஒன்று, அப்பா சொன்னது வேறொன்று, சித்தப்பாவைக் கேட்டால் சண்டையே நடக்கவில்லை என்பார். “இப்ப எதை நம்புறது?” என்று பிள்ளைகள் விழிக்கும்போது, கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுவாள். யார் சொன்னது? எப்போது சொன்னது? எதற்காகச் சொன்னது? அதற்கப்புறம் வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகள் கல்வெட்டையும் விட்டுவைக்க மாட்டார்கள், கவர்னரின் கடிதத்தையும் விட்டுவைக்க மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு பெற்றோராவது வந்து, “டீச்சர், ஆறின புண்ணை எதுக்குக் கிளறச் சொல்லிக் குடுக்கீங்க?” என்று சண்டை பிடிப்பதும் உண்டு. அவள் காபி கொடுத்து அனுப்பி வைப்பாள்.

இந்த ஜனவரியில்தான் சென்னையிலிருந்து பேச்சியம்மாளின் புதிய பதிப்பு வந்தது. சோதனைக்காக நான்கு பள்ளிகளுக்கு மட்டும். முன்னைப்போல அவள் வாயடைத்து நிற்பதில்லை. பதிவில்லாத இடத்தையும் தானே நிரப்பிக்கொண்டு பேசினாள். அதைச் செய்யச் சொன்னது பாடத்திட்டக் குழு. செய்து கொடுத்தது கஸ்பார். “மேலிடத்து உத்தரவு மெர்சி, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்” என்றான் போனில். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். பேச்சியம்மாள் தாலாட்டுப் பாடினாள், கங்காணியைத் திட்டினாள், தலைவலிக்குப் பத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். மதிப்பெண்ணும் ஏறியது. ஏறுகிற மதிப்பெண்ணைக் குறை சொல்ல எந்த ஆசிரியைக்கு மனசு வரும்? மெர்சலினும் பேசாமல் இருந்துவிட்டாள்.

இந்தச் சோதனை வென்றால் ஜூனில் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் பேச்சியம்மாள் உட்காருவாள். கஸ்பார் அதற்குத் தலைவனாக இன்னும் ஐந்து வருடம் சென்னையில் இருப்பான். தோற்றால் திட்டம் நின்றுபோகும். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவான். ஏற்கெனவே மூன்று வருடம், மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு என்று ஓடியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை வகுப்பில்தான் அது நடந்தது.

மாரிக்கனி எழுந்தாள். உப்பளத்துக் குடும்பத்துப் பெண், கேள்வியை மென்று மென்று பொறுமையாகக் கேட்பவள். “பேச்சியம்மா, உங்க வீட்டுக்காரர் கொழும்புக்குப் போறப்ப, கடைசியா அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

பேச்சியம்மாள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டாள். “‘குடை எடுத்துக்கிட்டியா’ன்னு கேட்டேன், மக்கா. கேக்க வேண்டியதைக் கேக்கலை. வண்டி கிளம்புற நேரத்துல வாய்க்கு வந்தது அதுதான்.”

முன் பெஞ்சில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெர்சலினின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

மாரிக்கனி மட்டும் உட்காரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். “டீச்சர், தோணியிலதான போனாரு? வண்டின்னு சொல்றாங்களே. அப்புறம், குடை எப்படி டீச்சர்? எங்க அம்மா உப்பு விளையுற சீசன்ல மழைங்கிற வார்த்தையையே வீட்டுல சொல்ல விட மாட்டா. குடையை எடுத்து வெளிய வெச்சாலே அடி விழும்.”

“ஏலே, யார் சொன்னது, எப்போ சொன்னது, எதுக்குச் சொன்னது!” என்று ஹமீது வாய்ப்பாடு போல இழுத்தான். வகுப்பு அவனோடு சேர்ந்துகொண்டது.

“நாளைக்குப் பாப்போம்” என்றாள் மெர்சலின். மணி அடிக்கும் முன்னால் அவள் ஒரு வகுப்பை முடித்தது அதுதான் முதல் தடவை.

ஏனென்றால், அது அவளுடைய குடை.

மூன்று வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடி ஸ்டேஷனில், சென்னை வண்டியின் ஜன்னலோரம் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள் அவள். ‘போகாதே’ என்ற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. அவனுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு! குறுக்கே நிற்கிறவள் என்று பெயர் எடுப்பானேன்? “குடை எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டாள். “இந்த ஊர்ல என்னைக்கு மழை பெஞ்சிருக்கு?” என்று அவன் சிரித்தான். “சென்னையில பெய்யும்ல” என்றாள் அவள். வண்டி போய்விட்டது. அந்த வார்த்தை மட்டும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது.

அதைக் கொண்டு போய் அந்தப் பாடத்துக்குள் வைத்துவிட்டானே! ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால்!

சனிக்கிழமை காலை கஸ்பார் வந்தான். திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஆட்கள் வகுப்பைப் பார்வையிட வருகிறார்கள். அதற்கு முன்னேற்பாடாக இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தான். குளித்து முடித்து ஆப்பத்துக்கு முன்னால் அவன் உட்காரும் வரை மெர்சலின் பொறுத்துக்கொண்டாள்.

“என் குடையை எதுக்குப் பேச்சியம்மா வாயில வெச்ச?”

“எந்தக் குடை?”

“நடிக்காத கஸ்பார். ஸ்டேஷன்ல நான் உங்கிட்ட கேட்டது.”

அவன் ஆப்பத்தைப் பிய்த்தபடி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். “நீ குடையைப் பத்தியா கேட்ட? சார்ஜர் எடுத்துக்கிட்டியான்னு கேட்டதா இல்ல ஞாபகம்.”

கோபத்தைவிட அது அதிகமாகச் சுட்டது. மூன்று வருடமாக அவள் நெஞ்சில் கிடந்து உறுத்துவது அவன் நினைவில் சார்ஜராகப் போயிருக்கிறது.

“அப்ப பேச்சியம்மாவுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். வியாழக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கஸ்பார் கையைக் கழுவிவிட்டு வந்தான். “திருப்பிச் சொல்லு. ‘கேக்க வேண்டியதைக் கேக்கலை’ன்னு சொல்லுச்சா?”

“ஆமா.”

“குடையாவது ஸ்டேஷன்ல நாலு பேர் காதுல விழுந்திருக்கும். இது யாருக்குத் தெரியும்? எனக்கே இப்பதான் தெரியுது.” அவன் அவளையே பார்த்தான். “யார் சொன்னது, டீச்சரம்மா?”

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

போன நவம்பர். பிள்ளைகள் போன பிறகு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். அடுத்த நாள் பாடத்துக்காகத் திரை விழித்திருந்தது. வெளியே ஒரு தூறல். பேச்சியம்மாளும் புருஷனை வழியனுப்பி வைத்தவள்தானே. அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சுவரில் மாட்டிய சாமி படத்திடம் பேசுவதுபோலப் பேசினாள். அன்றைக்கு மட்டுமா? பல மத்தியானங்கள்.

“நான்தான்” என்றாள் மெதுவாக. மற்றவர்களின் சொல்லையெல்லாம் துருவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள், தன் சொல் திரும்பி வந்தபோது, அதை யார் சொன்னது என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. “நான் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லியிருக்கு. புதுசா மாத்தினீங்களே, அது எப்படி இடத்தை நிரப்புது?”

“ஓட்டையை அடைக்க மண்ணு வேணும். பக்கத்துல எந்த மண்ணு கிடக்குதோ அதை எடுத்து அடைக்கிது. பொம்பளைப் பேச்சு, இந்த ஊர்ப் பேச்சு, புருஷன், பிரிவுன்னு தேடும்போது…” அவன் முடிக்கவில்லை. “அதுகிட்ட அதிகமா பேசுறது அந்தந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்தான். கிளாஸ்ல நடத்துற பாடமும் சேர்ந்து அதுக்குள்ளதான் போகுது.”

அவன் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்தான். அவள் பள்ளியின் பேச்சியம்மாள் அதில் வந்து உட்கார்ந்தாள்.

“பேச்சியம்மா, உங்களுக்குப் பிடிக்காத காய் எது?”

“சுரைக்காய்தான், அய்யா. வாயில வெச்சா தண்ணி, வயித்துக்குப் போனா காத்து.”

கஸ்பார் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து சந்தையில் மெர்சலின் சொல்லி அவன் கேட்டுவரும் வசனம் அது. மெர்சலின் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பும் நின்றது.

“மத்த மூணு பள்ளிக்கூடத்துல பேச்சியம்மா என்ன பேசுறா?” என்று கேட்டாள்.

அவன் டேப்லெட்டில் ஒரு பதிவைத் திறந்தான். “ஒரு இடத்துல ஒரு பையன், ‘உங்களுக்கு ஏன் கிணத்துல தண்ணி எடுக்க விடலை’ன்னு கேட்டிருக்கான். அதுக்கு, ‘அவங்கவங்க எடத்துல அவங்கவங்க இருந்தா ஊரு நல்லா இருக்கும், நாங்க அதுல சந்தோஷமாத்தான் இருந்தோம்’னு சொல்லியிருக்கு. நான் அதைப் படிச்சேன் மெர்சி. அந்தக் காலத்து மனுஷி அப்படித்தான் பேசுவான்னு விட்டுட்டேன்.”

“அது அந்தக் காலம் இல்ல. இந்த வருஷத்து வாத்தியாரு.”

“ம்.”

“செத்துப்போனவ வாயால சொல்ல வெச்சுட்டாரு. நாம சொன்னா பசங்க எதிர்த்துக் கேப்பாங்க. பேச்சியம்மா சொன்னா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நம்புவாங்க. எந்தப் பள்ளிக்கூடத்துல யார் வாத்தியாரோ, அவர் மனசுல கெடக்குற அழுக்குதான் அந்த ஊரோட வரலாறு. பேசாம கெடந்தப்ப அவ ஏழை. இப்ப அவளை ஊமையாக்கிட்டு நாம பேசிக்கிட்டு இருக்கோம்.”

கஸ்பார் டேப்லெட்டை அணைத்தான். “திங்கட்கிழமை வேதவல்லி மேடம் உங்கிட்டதான் கேக்கப் போறாங்க. சோதனைப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் வேண்டாம்னாலும் இது மேல போகாது.” பிறகு, விளையாட்டாகவா வினையாகவா என்று தெரியாத குரலில் கேட்டான். “திட்டம் நின்னா நான் ஊருக்கு வந்துருவேன். அதுதான் உனக்கு வேணுமா?”

வேணும்தான். அதைச் சொன்னால் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் கெட்டுப்போகும். பேச்சியம்மாளுக்காகப் பேசுகிறாளா, தனக்காகப் பேசுகிறாளா? எதற்காகச் சொன்னது?

“அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டு ஆப்பச் சட்டியைக் கழுவப் போனாள். கேட்க வேண்டியதை மறுபடியும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வேதவல்லி மேடம் வந்தார். திட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அதற்குள் உருப்படியாக ஒன்று செய்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர் நடையிலேயே தெரிந்தது. ஹெட்மாஸ்டர் ஆரோக்கியம் சார் மாலையோடு நின்றார்.

“போன வருஷத்தைவிட மார்க் எவ்வளவு ஏறியிருக்கு சார்?” என்றார் மேடம்.

“தெரியாது மேடம். பாக்கணும்.”

பின்னால் நின்ற கஸ்பார் மெர்சலினைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிள்ளைகள் கேட்டார்கள், பேச்சியம்மாள் சொன்னாள். மேடத்தின் முகம் மலர்ந்துகொண்டே போனது. “குழந்தைங்க எவ்வளவு ஆசையா கேக்குறாங்க! இதுக்கு மேல என்னம்மா வேணும்? நீங்க என்ன சொல்றீங்க, டீச்சர்?”

மெர்சலின் கரும்பலகையின் முன்னால் வந்து நின்றாள். “நான் சொல்றதுக்கு முன்னாடி இவங்க ஒரு தடவை கேட்டுரட்டும் மேடம். மாரிக்கனி, வியாழக்கிழமை விட்ட இடத்துல இருந்து.”

மாரிக்கனி எழுந்தாள். “பேச்சியம்மா, நீங்க குடை வெச்சிருந்தீங்களா?”

“வெச்சிருந்தேன், மக்கா.”

“என்ன விலை?”

“அது…” பேச்சியம்மாள் தடுமாறினாள். “நீலக் கலரு. பட்டனை அமுக்கினா விரியும்.”

வகுப்பு குபீரென்று சிரித்தது. வகுப்பறையின் மூலையில் எப்போதும் சாய்ந்திருக்கும் டீச்சரின் நீலக் குடையைத் தெரியாத பிள்ளை யார்?

“பேச்சியம்மா,” ஹமீது துள்ளி எழுந்தான், “உங்களுக்குப் பிடிக்காத காய் எது?”

“சுரைக்காய்தான். வாயில வெச்சா தண்ணி…”

“வயித்துக்குப் போனா காத்து!” என்று நாற்பது குரல்கள் முடித்துவைத்தன. “டீச்சர், இது நீங்க! சத்துணவுல சுரைக்காய் போட்டா நீங்க சொல்றது!”

மேடத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பேச்சியம்மாளைப் பார்த்தார், மெர்சலினைப் பார்த்தார்.

“இது பேச்சியம்மா இல்ல மேடம்” என்றாள் மெர்சலின். “என்னோட ஆசாபாசத்துக்குக் கண்டாங்கி கட்டி உக்கார வெச்சிருக்கு. எனக்குச் சுரைக்காய் பிடிக்காதுங்கிறதால ஒண்ணும் குடி முழுகிடாது. இன்னொரு பள்ளிக்கூடத்துல வேற ஒருத்தருக்கு வேற எதெல்லாமோ பிடிக்காது. அங்க பேச்சியம்மா அதைச் சொல்லிக்கிட்டு இருக்கா. அந்தப் பதிவு இவர்கிட்ட இருக்கு, நீங்களே பாருங்க.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “என் முடிவு வேண்டாம்ங்கிறதுதான். ஆனா எங்க வகுப்புல மூணாவதா ஒரு கேள்வி உண்டு. எதுக்காகச் சொன்னது? அதை என்கிட்டயும் கேக்கணும். இந்தத் திட்டம் நின்னா என் வீட்டுக்காரர் ஊருக்குத் திரும்பி வருவாரு. அதுல எனக்கு ஆதாயம் இருக்கு. ரொம்ப ஆதாயம் இருக்கு. அதையும் சேர்த்து எடை போட்டுக்கிட்டு முடிவு பண்ணுங்க.”

நாற்பது தலைகளும் கஸ்பார் பக்கம் திரும்பின. அவன் காது மடல் சிவந்துவிட்டது.

மேடம் அந்தப் பதிவை வாங்கிப் படித்தார். கிணற்றைப் பற்றிய பதில் வந்தபோது ஒரு தடவை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டார். “பழைய பேச்சியம்மா பேச மாட்டாங்களே, பரவாயில்லையா?”

மாரிக்கனிதான் பதில் சொன்னாள். “அவங்க பேசலைன்னா நாங்க தேடிப் போவோம் மேடம். எங்க தாத்தா வீட்டுப் பக்கம் கொழும்புக்குப் போனவங்க நிறையப் பேரு. கேட்டு எழுதிட்டு வரலாம். ‘யார் சொன்னது’ன்னு கீழ பேரும் போடலாம்.”

மேடம் கரும்பலகையில் இருந்த மூன்று கேள்விகளையும் படித்தார். அப்புறம் சிரித்தார். இந்தத் தடவை வேறு மாதிரிச் சிரிப்பு. “என்னம்மா நீ, என் ஒரு வருஷத்தையே ஒரு பீரியட்ல கவுத்துட்ட! சரி. திட்டத்தை நிறுத்த வேண்டாம். ஓட்டையை அடைக்கிறதை நிறுத்துவோம். தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லட்டும். அதுக்குக் கீழ பசங்க தேடிக் கொண்டு வர்றதை, அவங்க பேர் போட்டுச் சேர்ப்போம். இந்த மூணு கேள்வியோட ஜூன்ல எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகட்டும். கஸ்பார், அஞ்சு வருஷமும் நீங்கதான் பார்த்துக்கணும். சாயங்கால வண்டிக்கே கிளம்பிருங்க, தலைக்கு மேல வேலை கிடக்கு.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். மெர்சலினும் தட்டினாள். வேண்டும் என்று வாதாடியது முழுக்கக் கிடைத்துவிட்டது. ஆதாயம் என்று சொன்னது மட்டும் சாயங்கால வண்டியில் ஏறப் போகிறது.

நாலரை மணிக்குப் பள்ளி காலியானது. கஸ்பார் திரையின் முன்னால் நின்று கடைசி வேலையை முடித்துக்கொண்டிருந்தான். அவன் பெட்டி கதவோரம் நின்றது. மெர்சலின் கரும்பலகையை அழித்தாள். மூன்று கேள்விகளை மட்டும் அழிக்காமல் விட்டாள்.

“சரி பண்ணிட்டேன். சோதிச்சுப் பாத்துருவோம்” என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான். “பேச்சியம்மா, உங்க வீட்டுக்காரர் கொழும்புக்குப் போறப்ப, கடைசியா அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

பேச்சியம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“அது எங்கேயும் பதிவாகலை, மக்கா.”

அவ்வளவுதான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் சும்மா இருந்தாள். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. அவள் என்ன சொன்னாளோ, என்ன சொல்லாமல் விட்டாளோ, அதெல்லாம் மறுபடியும் அவளுக்கே சொந்தமாகிவிட்டது. இனிமேல் மெர்சலினுக்காக அவள் பேச மாட்டாள்.

கஸ்பார் பெட்டியைக் கையில் எடுத்தான். மூலையில் சாய்ந்திருந்த நீலக் குடை அவள் கண்ணில் பட்டது. அந்தப் பழைய வாக்கியம் வழக்கம்போல முந்திக்கொண்டு நாக்கு நுனிக்கு வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“கஸ்பார்.”

“ம்?”

“இதுல இப்ப திட்டமும் இல்ல, பேச்சியம்மாவும் இல்ல. நான் சொல்றதால இனிமே எதுவும் நிக்கப் போறதில்ல. யார் சொன்னதுன்னு கேட்டா, நான். எப்போன்னு கேட்டா, மூணு வருஷத்துக்கு முன்னாடியே. எதுக்காகன்னு கேட்டா, எனக்காக மட்டும்தான்.”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

“அந்த வேலையை இங்க இருந்து பாரு” என்றாள் மெர்சலின். “போகாத. எங்கூட இரு.”